ஹங்கேரிய மைனரும் கிட்டார் அப்பியாசமும்

மேஜர், மைனர் ஸ்கேல்கள் ஓரளவு கைவந்துவிட்ட கிட்டார் மாணவர்கள், அபூர்வமான நாதத்தை விரும்பி நாடும் ஸ்கேல்களுள் ஹங்கேரிய மைனர் பிரதானமானது. நமது 57-ஆவது மேளமாகிய சிம்மேந்திரமத்யமத்தின் ஸ்வரங்களே அதன் ஸ்வரங்களும் ஆகையால், அதைப் பயிலும் முறையின் குணதோஷங்களை நாம் ஆராயப் புகுவது அந்நிய விஷயத்தில் தலையிடுவதாகாது.

தந்திகளையும் மெட்டுக்களையும் கட்டங்களாக வரைந்து, விரல் பதியவேண்டிய இடங்களில் புள்ளியிட்ட படத்தை மனனம் செய்து, மேலும் கீழுமாக வேகத்தைக் கூட்டிக்கொண்டே வாசிப்பதுதான் பரவலாக வழங்கும் அப்பியாசம். இதை முற்றிலும் இகழ்வதற்கில்லை. ‘ஏ’ தந்தியின் திறந்த நாதத்தை ஷட்ஜமாகக் கொண்டு அத்தந்தியிலேயே ஏறினால், விரல் 2, 3, 6, 7, 8, 11, 12 என்ற மெட்டுக்களில் விழுகிறது. 3-லிருந்து 6-க்கும், 8-லிருந்து 11-க்கும் நேரும் தாண்டல்கள் கண்ணுக்குத் தெளிவாகி, விரல்களும் விரிந்து கொடுக்கப் பழகுகின்றன.

ஆனால் இந்த ஸ்கேலின் ஜீவன் தாண்டல்களைவிட நெருக்கங்களிலேயே அதிகம் இருக்கிறது. பிரதி மத்யமமும் சுத்த தைவதமும் பஞ்சமத்தின் இருபுறமும் ஒரு மெட்டுத் தூரத்தில் நின்று, அதை நோக்கியே ஏங்குகின்றன. எல்லா ஸ்வரங்களுக்கும் ஒரே கனமும் ஒரே காலமும் கொடுத்து ஓடும் கைக்கு இந்த ஏக்கம் கேட்பதே இல்லை. மேலும், சுத்த மத்யமமாகிய ‘டி’ இதில் இல்லாமையால், மைனர் பாட்டுகளில் சகஜமாக வரும் ‘டி’ மைனரும் ‘ஈ’ செவன்த்தும் இதிலிருந்து பிறப்பதில்லை. மாறாக, ‘டி’ ஷார்ப் சேர்ந்த ‘எஃப்’ கார்டு, ‘ஈ’ மேஜரில் போய் இளைப்பாறும் அழகு இதற்கே உரியதுபோல் அமைகிறது. புள்ளிப் படம் இவற்றில் ஒன்றையும் சொல்வதில்லை.

ஸ்கேலை வாசித்தாலே ஹங்கேரியின் ஆன்மா வந்துவிடும் என்ற நம்பிக்கையும் பிழையானதே. இசையமைப்பாளர் லிஸ்ட் தமது ஹங்கேரிய ராப்சோடிகளில் கையாண்டது ரோமா வாத்தியக்காரர்கள் நகரங்களில் வாசித்த பாணி. 1906-இல் சக இசையமைப்பாளர் கோடாயுடன் சேர்ந்து ஹங்கேரிய நாட்டுப்பாடல் தொகுப்பை வெளியிட்ட இசையமைப்பாளர் பார்டோக், குடியானவர்களின் பழம்பாடல்களில் கண்டதோ ஐந்து ஸ்வர அமைப்பு.

ஆகவே, வேகத்தைச் சில காலம் ஒத்திவைத்து, ‘டி’ ஷார்ப், ‘ஈ’, ‘எஃப்’ என்னும் மூன்று ஸ்வரங்களுக்குள்ளேயே சஞ்சரித்து, ‘டி’ ஷார்ப் மெட்டில் தந்தியை மெல்ல வளைத்து ‘ஈ’யை எட்டிப் பழகுவதே உத்தமம் என்பது என் அபிப்பிராயம். இதற்குச் சுருதிப்பெட்டியும் வேண்டுவதில்லை. கிட்டாரின் திறந்த ‘ஏ’, ‘ஈ’ தந்திகளே ஷட்ஜ பஞ்சமமாக நின்று ஒலிக்கும்.