கல்யாணச் செலவும் கதாசிரியர்களும்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்கிற பழமொழியில் ஒரு விஷயத்தை நாம் கவனிப்பதில்லை. இரண்டையும் செய்து பார்க்கச் சொல்கிறதே தவிர, அதற்குப் பணம் எங்கிருந்து வரும் என்பதைப் பற்றி அது வாய் திறப்பதில்லை. நம் கதாசிரியர்களில் பெரும்பாலோரும் இந்தப் பழமொழியின் வழியில் போகிறவர்கள்தாம். கல்யாணப் பந்தலை எழுதுவார்கள், நாதஸ்வரத்தை எழுதுவார்கள், சம்பந்திச் சண்டையை மிகவும் நன்றாகவே எழுதுவார்கள். முகூர்த்த வேளையில் பணம் குறைந்து, பெண்ணைப் பெற்றவர் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கைகூப்பி நிற்கிற காட்சியும் தவறாமல் வரும். ஆனால் அந்தப் பணத்தை அவர் பத்து வருஷமோ பதினைந்து வருஷமோ எப்படிச் சேர்த்தார், சேர்க்கிற காலத்தில் அவர் என்ன மனிதராக மாறினார், அவர் வீட்டுப் பெண்கள் என்ன ஆனார்கள் என்பதை எழுதியவர்கள் சிலரே.

இது சின்னக் குறை என்று எனக்குத் தோன்றவில்லை. கல்யாணம் ஒரு நாள்; பழைய காலத்தில் ஐந்து நாள். சேமிப்போ பாதி ஆயுள். காலம் மனிதனை என்ன செய்கிறது என்பதைக் காட்டத்தான் நாவல் என்கிற உருவமே இருக்கிறது. அப்படியிருக்க, ஐந்து நாளை எழுதிவிட்டுப் பதினைந்து வருஷத்தை விட்டுவிடுகிறவன் நாவலாசிரியனா, அழைப்பிதழ் எழுதுகிறவனா என்று கேட்கலாம் அல்லவா?

இந்த விஷயத்தை இந்திய மொழிகளில் முதலில் கையாண்ட நல்ல கதைகளில் ஒன்று தாகூருடைய 'தேனா பாவனா'. 1891-ல் வெளிவந்தது. ராம்சுந்தர் என்பவர் தம் பெண் நிருபமாவை ஒரு ராய்பகதூர் குடும்பத்தில் கொடுக்கப் பத்தாயிரம் ரூபாய்க்கு ஒப்புக்கொள்கிறார். முகூர்த்தத்துக்குள் பணம் சேரவில்லை. வரனின் தகப்பனார் எழுந்துவிடப் பார்க்கிறார். மாப்பிள்ளையோ, பேரம் தனக்குத் தெரியாது, கல்யாணத்துக்கு வந்தேன், செய்துகொண்டுதான் போவேன் என்கிற ரீதியில் பேசிவிடுகிறான். சாதாரணக் கதாசிரியன் இந்த இடத்தில் கதையை முடித்து, மாப்பிள்ளைக்கு ஒரு மாலையும் போட்டிருப்பான். தாகூர் இங்கேதான் கதையைத் தொடங்குகிறார். மாப்பிள்ளை உத்தியோகத்துக்குப் போய்விடுகிறான். பாக்கிப் பணமும் பெண்ணும் புக்ககத்தில் மிஞ்சுகிறார்கள். தகப்பனார் பிள்ளைகளுக்குத் தெரியாமல் வீட்டை விற்றுப் பணத்தைக் கொண்டு வருகிறார். பெண் அதைக் கொடுக்கக் கூடாது என்கிறாள். கொடுத்தால்தான் தனக்கு அவமானம் என்பது அவளுடைய கட்சி. கடைசியில் வைத்தியம் பார்க்காத வீட்டில் அவள் செத்துப்போகிறாள். சாவுச் சடங்கு மட்டும் ஊரே மெச்சும்படி விமரிசையாக நடக்கிறது. அடுத்த பெண்ணுக்கு இருபதாயிரம் பேசியாகிவிட்டது.

சிறுகதை என்ற அளவில் இதில் குறை சொல்ல அதிகம் இல்லை. ஆனால் ராம்சுந்தர் தொடக்கத்திலிருந்து கடைசி வரையில் ஒரே மனிதராகவே இருக்கிறார். நல்லவராக வந்து, நல்லவராகவே நொறுங்குகிறார். பணம் தேடியதனால் அவர் உடைந்தார் என்று தெரிகிறது. மாறினார் என்று தெரியவில்லை. தகப்பனாரை முழுக்க முழுக்க அனுதாபத்துக்கு உரியவராக வைத்துவிடுகிற இந்த வழியைத்தான் பின்னால் வந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். தாகூருடைய கடுமை அவர்களுக்கு வரவில்லை. கண்ணீர் மட்டும் வந்தது.

தகப்பனாரையே கூண்டில் ஏற்றிப் பார்த்தவர் பிரேம்சந்த். 1913-ல் வந்த அவருடைய உப்பு இலாகா தரோகா கதையிலேயே இதற்கு வித்து இருக்கிறது. அதில் வேலை தேடிப் புறப்படும் பிள்ளைக்குத் தகப்பனார் உபதேசம் செய்கிறார். வீட்டில் கடன் இருக்கிறது, பெண்கள் வளர்ந்து நிற்கிறார்கள், ஆகையால் சம்பளத்தைப் பார்க்காதே, மேல் வரும்படியைப் பார் என்பதுதான் அதன் சாரம். நம் ஊரில் சம்பளம், கிம்பளம் என்று சொல்கிறோமே, அதேதான். சம்பளத்தில் சாப்பாடு நடக்கும். கல்யாணம் நடக்கக் கிம்பளம் வேண்டும் என்கிற கணக்கை ஒரு கிழவர், தவறு என்கிற உணர்ச்சியே இல்லாமல், பாசத்தோடு சொல்கிறார். அந்தப் பாசம்தான் அந்த இடத்தைப் பயங்கரமாக்குகிறது.

1919-ல் ஹிந்தியில் வெளிவந்த 'சேவாசதனம்' நாவலில் இதே கணக்கு ஒரு குடும்பத்தையே விழுங்குகிறது. கிருஷ்ணசந்திரர் போலீஸ் தரோகா. நீண்ட காலம் கைசுத்தமாக இருந்தவர். வந்ததைத் தாராளமாகச் செலவழித்தவர், சேர்த்து வைத்தவரல்ல. மூத்த பெண் சுமனுக்கு வரன் தேடப் புறப்பட்டதும், தம் நேர்மைக்குக் கல்யாணச் சந்தையில் ஒரு காசும் பெறுமானம் இல்லை என்று கண்டுகொள்கிறார். ஒரு கொலையை மூடி மறைக்க ஒரு மடாதிபதியிடம் பணம் வாங்குகிறார். பழக்கமில்லாதவர் ஆகையால் லஞ்சம் வாங்குவதிலும் பிழை செய்கிறார். கீழே இருப்பவர்களுக்குப் பங்கு போய்ச் சேரவில்லை. சிக்கிக்கொள்கிறார், ஜெயிலுக்குப் போகிறார். கல்யாணத்துக்காக வாங்கிய பணம் கல்யாணத்துக்கு உதவவில்லை. வரதட்சிணை கேட்காத வயதான ஏழைக் குமாஸ்தா ஒருவனுக்குச் சுமன் வாழ்க்கைப்படுகிறாள். அங்கிருந்து அவள் போகும் வழி காசி நகரத்துத் தாசி வீதியில் கொண்டுபோய் விடுகிறது.

இந்த நாவலின் முதற்பகுதியை நான் மிகவும் உயர்வாக மதிக்கிறேன். நேர்மையான மனிதன் ஒரே நாளில் கெட்டுவிடுவதில்லை. இத்தனை வருஷம் வாங்காமல் இருந்ததற்குத் தனக்கு ஏதோ பாக்கி வரவேண்டும் என்று அவன் நினைக்கத் தொடங்குகிறபோது கெடுகிறான். இந்த இடத்தைப் பிரேம்சந்த் சரியாகப் பிடித்திருக்கிறார். ஆனால் பிற்பகுதியில் நாவல் சீர்திருத்த சபைக்குள் நுழைந்துவிடுகிறது. தாசி வீதியை ஊருக்கு வெளியே மாற்றுவதா என்று முனிசிபாலிடியில் விவாதம் நடக்கிறது. எந்தக் கணக்கிலிருந்து கதை பிறந்ததோ அந்தக் கணக்கு மறைந்துவிடுகிறது. 1938-ல் கே. சுப்ரமணியம் இதைத் தமிழ்ப் படமாக எடுத்தார், எம். எஸ். சுப்புலட்சுமி நடித்த முதல் படம் அது. இன்று படத்தைச் சுப்புலட்சுமிக்காக நினைவில் வைத்திருக்கிறோம். ஒரு பெண்ணின் கல்யாணத்துக்காக மேல் வரும்படி தேடப்போன ஒருவரிடத்தில் கதை தொடங்குகிறது என்பது யாருக்கு ஞாபகம் இருக்கிறது?

பிரேம்சந்த் இந்தக் குறையைத் தாமே நிவர்த்தி செய்துகொண்டது 1936-ல் வெளிவந்த 'கோதான'த்தில். ஹோரி என்கிற குடியானவனின் பெண் சோனா, வரதட்சிணை வாங்கினால் உன்னைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று மாப்பிள்ளைக்கே சொல்லி அனுப்புகிறாள். பிள்ளை வீட்டார் ஒன்றும் வேண்டாம் என்று எழுதிவிடுகிறார்கள். கதை சுபமாக முடிய வேண்டியதுதானே? இல்லை. இப்போது பெண்ணின் தாயார் தனியாவுக்கு ரோஷம் வந்துவிடுகிறது. அவர்கள் பெருந்தன்மையாகக் கேட்காமல் இருந்தால் நாம் சும்மா அனுப்புவதா, நம் கௌரவம் என்ன ஆவது என்கிறாள். கடன் வாங்கியே கல்யாணம் நடக்கிறது. பிற்பாடு நிலம் போகும் நிலை வரும்போது, இளைய பெண் ரூபாவைத் தன் வயதையொத்த ஒருவனுக்குக் கொடுத்து, இருநூறு ரூபாய் வாங்கிக்கொள்கிறான் ஹோரி. வாங்கும்போது அவனால் தலை நிமிர முடியவில்லை. பெண் கொடுக்கக் கடன் பட்டவனே பெண் கொடுத்துக் கடன் அடைக்கிறான்.

பெண்ணுக்குப் பணம் வாங்குகிற வழக்கத்தைத் தெலுங்கில் குரஜாட அப்பாராவ் 'கன்யாசுல்கம்' நாடகத்தில் பரிகாசம் செய்தார். 1892-ல் மேடையேறி 1897-ல் அச்சான அந்த நாடகத்தில் சிரிப்பு அதிகம். ஏனென்றால் அதில் பணம் வாங்குகிறவன் பேராசைக்காரன். 'கோதான'த்தில் சிரிப்பு இல்லை; பேராசைக்காரன் யாரும் இல்லாமலே காரியம் நடந்துவிடுகிறது. கேட்கிறவனை மட்டும் வில்லனாக்கிய கதைகளுக்கு நடுவே, கொடுக்கிறவனின் வீம்பையும் கணக்கில் சேர்த்ததுதான் பிரேம்சந்தின் பெரிய சாதனை. கல்யாணச் செலவில் பாதி பிள்ளை வீட்டார் கேட்பது. மறுபாதி ஊர் என்ன சொல்லும் என்று நாமாகச் செய்வது. இரண்டாவது பாதியைச் சட்டத்தால் தொட முடியாது. வரதட்சிணைத் தடைச் சட்டம் 1961-ல் வந்தது. அதற்குப் பிறகும் கல்யாணக் கடன் குறையாததற்கு இதுவும் ஒரு காரணம்.

தமிழுக்கு வருவோம். கல்யாணச் செலவு என்றதும் வாசகர்களுக்கு உடனே நினைவு வருவது சாவியின் 'வாஷிங்டனில் திருமணம்'. 1963-ல் ஆனந்த விகடனில் தொடராக வந்து, வாரா வாரம் நாட்டையே சிரிக்க வைத்த கதை. தென்னிந்தியக் கல்யாணத்தைப் பார்க்க ஆசைப்பட்ட அமெரிக்கச் சீமாட்டி ராக்பெல்லர் தம் செலவிலேயே அதை வாஷிங்டனில் நடத்திவைக்கிறாள். அப்பளத்திலிருந்து சாஸ்திரிகள் வரையில் எல்லாம் விமானத்தில் போகின்றன. ஜானவாசத்துக்குக் காஸ் விளக்குத் தூக்க நரிக்குறவர்கள்கூடப் போகிறார்கள்.

இதை வெறும் தமாஷ் என்று தள்ளிவிடுகிற விமரிசகர்களோடு எனக்குச் சம்மதம் இல்லை. சாவி தெரிந்து செய்தாரோ தெரியாமல் செய்தாரோ, ஒரு பரீட்சை செய்து காட்டியிருக்கிறார். நம்முடைய கல்யாணத்திலிருந்து ஒரே ஒரு சாமானை, பெண்ணைப் பெற்றவரின் பணக் கவலையை, எடுத்துவிட்டார். மற்ற எல்லாம் அப்படியே இருக்கின்றன: சம்பந்தி உபசாரம், முறுக்கு, ஊர்வலம், அதட்டல். உடனே எல்லாமே வேடிக்கையாகிவிட்டது! ராக்பெல்லர் மாமி கொடுக்கிற டாலரை ஒரு சிற்றூர்க் குமாஸ்தாவின் பிராவிடண்ட் பண்டாக மாற்றி வைத்துப் படித்துப் பாருங்கள். ஒரு வரியை மாற்ற வேண்டியதில்லை. அத்தனை சிரிப்பும் போய்விடும். அந்தக் கதை நல்ல கதை. ஆனால் அதைப் படித்துச் சிரித்த தலைமுறையில், அதே செலவைத் தன் சம்பளத்தில் செய்தவனின் கதையை அதே அளவு திறமையோடு யார் எழுதினார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

இன்னொரு குறையும் உண்டு. கல்யாணப் பணம் தேடுகிறவர் என்றால் நம் கதைகளில் அவர் தகப்பனார் அல்லது தமையனார். வீட்டுப் பெண்கள் அழுவார்கள், அல்லது நகையைக் கழற்றிக் கொடுப்பார்கள். உண்மையில் மேல் வரும்படியில் பெரும்பங்கு அவர்களுடைய கையால் வருவது. அப்பளம் இட்டு விற்றவர்கள், தையல் மெஷின் மிதித்தவர்கள், சீட்டுப் பிடித்தவர்கள், அஞ்சறைப் பெட்டியில் சில்லறை ஒளித்தவர்கள் எல்லாம் யார்? கதைகளில் இது ஒரு வாக்கியத்தில் போய்விடுகிறது. அடுக்களைக் காரியத்தை உழைப்பாக எண்ணாத பழைய வழக்கம் இலக்கியத்திலும் தொடர்கிறது. சினிமாவில் பாலசந்தர் 1974-ல் 'அவள் ஒரு தொடர்கதை' எடுத்து இந்த மௌனத்தைக் கொஞ்சம் கலைத்தார். குடும்பத்துக்காகச் சம்பாதிக்கிற பெண்ணுக்குக் கல்யாணம் நடந்தால் சம்பளம் நின்றுபோகும் என்கிற பொருளாதாரத்தை அந்தப் படம் தெளிவாகச் சொல்கிறது. அவள் தனக்கு வந்த மாப்பிள்ளையைத் தங்கைக்கு விட்டுக்கொடுத்துவிட்டு மறுபடி வேலைக்குப் போகிறாள். ஆனால் முடிவில் படம் தியாகத்தைக் கும்பிட்டுவிடுகிறது. கும்பிட்ட பிறகு கேள்வி கேட்க முடியாது.

இதைவிடப் பெரிய விஷயம் நம் கண் முன்னே நடந்து, நாவலுக்குள் சரியாக வராமலே இருக்கிறது. கோயம்புத்தூர், திண்டுக்கல், ஈரோடு பக்கத்து நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் ஏழைக் குடும்பத்துப் பெண்களை வேலைக்கு எடுத்தார்கள். ஆலைக்குள்ளேயே விடுதி. மூன்று வருஷம் வேலை செய்தால் கடைசியில் மொத்தமாக ஒரு தொகை. அதை வைத்துக் கல்யாணம் செய்துகொள்ளலாம். நடுவில் உடம்பு முடியாமல் வெளியேறினால் அந்தத் தொகை கைக்கு வராமல் போனதும் உண்டு. நூலுக்கும் துணிக்கும் உலகச் சந்தையில் விலை இருந்தது. அந்த விலைக்கு அடியில் ஒரு பெண்ணின் தாலிக் கனவு இருந்தது. திட்டத்துக்குப் பெயர் வைத்தவன் சாமர்த்தியசாலி. மேல் வரும்படி தேடுகிற பாரம் தகப்பனார் தோளிலிருந்து இறங்கி, பதினாறு பதினேழு வயதுப் பெண்ணின் தோளில் ஏறிவிட்டதை இந்த ஒரு பெயர் சொல்லிவிடுகிறது.

அரசாங்கம்கூடக் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. 1989-ல் தமிழ்நாட்டில் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் ஏழைப் பெண்களுக்குத் திருமண உதவித் திட்டம் வந்தது. அந்த அம்மையாரும் 1936-ல் ஒரு நாவல் எழுதியவர் என்பது நம் வாசகர்களில் பலருக்குத் தெரியாது. பின்னால் தாலிக்குத் தங்கமும் சேர்த்துக் கொடுத்தார்கள். 2022-ல் அந்தத் திட்டத்தை மாற்றி, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் என்று ஆக்கிவிட்டார்கள். தாலிக்கு ஒதுக்கிய பணம் படிப்புக்குப் போயிற்று. இது நல்லதா, போதுமா என்று அரசியல்வாதிகள் பேசட்டும். நாவலாசிரியன் கவனிக்க வேண்டியது வேறு. அந்த ஆயிரம் ரூபாயை வாங்குகிற பெண்ணின் தாயார் அதிலிருந்து எவ்வளவை நகைச் சீட்டில் கட்டுகிறாள்? கல்லூரிப் பெண் அதை ஒப்புக்கொள்கிறாளா, மறுக்கிறாளா? தாகூரின் நிருபமா கொடுக்காதே என்றாள், செத்தாள். பிரேம்சந்தின் சோனா வாங்காதே என்றாள். தாயாரே அவளைத் தோற்கடித்தாள். மூன்றாவதாக ஒருத்தி இன்று என்ன சொல்லுவாள் என்பதற்குத் தமிழில் பதில் எழுதப்படவில்லை.

எழுத வருகிறவருக்கு நான் ஒன்றுதான் சொல்வேன். மேளச் சத்தத்தில் கதையைத் தொடங்க வேண்டாம். முதல் மாதச் சீட்டுப் பணத்தை ஒரு தாயார் எண்ணிக் கொடுக்கிற இடத்தில் தொடங்கட்டும். தகப்பனார் நல்லவர் என்று முன்கூட்டியே தீர்ப்புச் சொல்லாமல், வரவு செலவைப் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டு போகட்டும். யார் நல்லவர், யார் எந்தப் பக்கத்தில் மாறினார் என்பதை அந்தக் கணக்கே வாசகனுக்குக் காட்டிக்கொடுத்துவிடும்.