ஆண்டுக்கொரு கையெழுத்து

பாரிஸின் லா ஷப்பல் பகுதி அழகு நிலையங்களில் த்ரெட்டிங் செய்ய வருகிறவர்களில் சிலர் புருவத்தோடு நிறுத்துவதில்லை, தாடையையும் காட்டுகிறார்கள். தடித்த கறுத்த முடி, கூடவே மாதவிடாய்க் குழப்பம் என்றால் அது நூலுக்கு அடங்காது. சினைப்பை நீர்க்கட்டி நோயாக (பிசிஓஎஸ்) இருக்கலாம். அடுத்தது மாத்திரைதான். பிரான்சில் நெடுங்காலம் அந்த மாத்திரை ஆந்த்ரோகூர்.

அது வேலை செய்யும். ஆண் ஹார்மோன் முடிவேரைத் தூண்டாமல் மறிக்கும். ஆனால் பலன் தெரிய ஆறு மாதமாவது ஆகும். விட்டால் முடி திரும்பும். அதனால்தான் பெண்கள் விடுவதில்லை. மாதம் 20 நாள், நாளுக்கு 50 மில்லிகிராம் என்று விழுங்கினால் ஐந்தாண்டில் 60 கிராம். அந்த அளவைத் தாண்டியவர்களுக்கு மூளையுறைக் கட்டி வரும் வாய்ப்பு சுமார் 20 மடங்கு என்று 2018இல் தெரியவந்தது. லா ஷப்பலுக்குப் பக்கத்து லாரிபுவாசியேர் மருத்துவமனையின் நரம்பு அறுவைப் பிரிவும் பிரெஞ்சு மருத்துவக் காப்பீட்டு நிறுவனமும் சேர்ந்து செய்த ஆய்வு அது. அரிய நோய்தான், கட்டி பெரும்பாலும் புற்றுநோயல்ல, மருந்தை நிறுத்தினால் பலருக்குச் சுருங்குகிறது. ஆனாலும் தாடை முடிக்காக மண்டையைத் திறப்பது என்ன கணக்கு? இத்தனைக்கும் வாழ்வையே பாதிக்கும் கடுமையான முடி வளர்ச்சிக்கு மட்டும் என்றுதான் அனுமதியே. ஆனால் முகப்பருவுக்கும் கருத்தடைக்கும்கூட எழுதிக்கொடுத்தார்கள்.

2019 முதல் மருத்துவரும் பெண்ணும் இந்த ஆபத்தை அறிந்ததாக ஆண்டுதோறும் ஒரு படிவத்தில் கையெழுத்திட வேண்டும். தொடக்கத்திலும் ஐந்தாம் ஆண்டிலும் பிறகு இரண்டாண்டுக்கு ஒருமுறையும் எம்ஆர்ஐ. நல்ல ஏற்பாடு, சந்தேகமில்லை. பழக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த கையை அது நிறுத்தி யோசிக்க வைத்தது. ஆனால் படிவம் பிரெஞ்சில். ஓல்னே-சூ-புவா போன்ற புறநகர்களில் எத்தனையோ தமிழ்த் தாய்மாருக்கு டாக்டரிடம் மொழிபெயர்ப்பது பள்ளிக்கூடம் போகும் மகன். அம்மாவின் மாதவிடாயையும் தாடை முடியையும் அவன் எப்படிச் சொல்வான்? பாதியை விழுங்குவான். கையெழுத்து மட்டும் முழுதாக விழும்.

மாற்று இல்லாமலில்லை. பொருந்துகிறவர்களுக்கு முதலில் சாதாரணக் கருத்தடை மாத்திரை. ஆறு மாதத்தில் போதவில்லையென்றால் ஸ்பைரோனோலாக்டோன் சேர்ப்பதுண்டு. பிரான்சில் முடிக்கென்று அதற்கு அனுமதியில்லை, மருத்துவர் தம் பொறுப்பில் எழுத வேண்டும். இரத்தத்தில் பொட்டாசியம் பார்க்க வேண்டும், கர்ப்பம் கூடவே கூடாது. இதுவும் கருப்பை, கரு, உறவு என்று போகும் பேச்சுத்தான். மகனை வெளியே உட்காரவைத்துவிட்டு, தமிழ் தெரிந்த ஒரு பெண்ணைப் போனிலாவது பிடித்துத் தரும்படி மருத்துவரிடம் கேட்கலாம்.