அச்சைப் பார்த்து எழுதும் கை

கோவில்பட்டி சி. கொண்டையராஜுவின் (1898–1976) காலண்டர் சாமிகளைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் ஒன்று பிடிபடும். அவர்கள் கருவறையில் நிற்பவர்கள் இல்லை, மேடையில் நிற்பவர்கள். பின்னால் சீன் திரை போல மலையும் நீர்நிலையும். வெளிச்சம் முன்னாலிருந்து விழுகிறது. முகமோ நேரே சபையைப் பார்க்கிறது. சென்னை ஓவியப் பள்ளியில் படித்த கொண்டையராஜு நாடகக் கம்பெனிக்குச் சீன் எழுதியவர். 1940களில் கம்பெனி கோவில்பட்டியில் கலைந்தபோது அங்கேயே தங்கி, ஸ்டுடியோ போட்டு, சீடர்களைச் சேர்த்துக்கொண்டார். பக்கத்துச் சிவகாசி அச்சகங்கள் அவர் படங்களை வீடுதோறும் கொண்டு சேர்த்தன. நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் பிறந்த காட்டுநாயக்கன்பட்டியும் கோவில்பட்டி இருக்கும் இதே தூத்துக்குடி மாவட்டம்தான். நாடகம் இந்த மண்ணுக்குப் புதிது அல்ல.

மேடையிலிருந்து அச்சுக்குப் போன வழி ஜப்பானிலும் உண்டு. அங்கே கபுகி நாடக நடிகர்களை மரப்பலகை அச்சில் படமாக்கி விற்றார்கள். 1794–95இல் ஏறத்தாழ பத்து மாதம் மட்டுமே இயங்கிய ஷராகு என்ற ஓவியர், நூற்று நாற்பதுக்கும் மேற்பட்ட படங்களை விட்டுவிட்டு மறைந்தார். அந்த நடிகர் படங்களையும் சரி, நம் காலண்டர் சாமிகளையும் சரி, இன்று தூரிகையால் மறுபடி எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அச்சைப் பார்த்துக் கையால் எழுதும் இந்த வழக்கத்தை ‘வெறும் காப்பி’ என்று ஒதுக்குவதும் எளிது, ‘மரபு’ என்று கும்பிடுவதும் எளிது. இரண்டுமே பாதிப் பார்வை.

முதலில் அதன் பலம். பார்த்து எழுதுவதுதான் பயிற்சி. டி.எஸ். சுப்பையா, டி.எஸ். அருணாசலம், எம். இராமலிங்கம் போன்ற கொண்டையராஜுவின் சீடர்கள் குருவின் கோட்டைத் தொடர்ந்தே கை பழகியவர்கள். சில படங்களில் குரு பெயரோடு சீடர் பெயரும் சேர்ந்தே இருக்கும். கட்டம் போட்டுச் சிறு படத்தைப் பெரிதாக்கும்போது, ஒரு புருவம் எங்கே தொடங்கி எங்கே தணிகிறது என்பதைக் கண்ணைவிடக் கைதான் முதலில் கற்கிறது. கையும் அச்சும் பிறவிப் பகைவர்களும் அல்ல. தொடக்கக் கால ஜப்பானிய நடிகர் படங்களில் கறுப்புக் கோடு மட்டும் அச்சு. நிறத்தைக் கையால்தான் தீட்டினார்கள். பல பலகைகளால் ஒற்றும் முழுவண்ண அச்சு 1765 வாக்கில்தான் நிலைபெற்றது.

பழுது வேறிடத்தில் இருக்கிறது. ஜப்பானியப் படம் ஒருவர் கைவேலை கிடையாது. ஓவியர் கோடு எழுதிக் கொடுப்பார், செதுக்குபவர் செர்ரி மரத்தில் வெட்டுவார், அச்சிடுபவர் நிறத்துக்கொரு பலகையாக ஒற்றுவார். நெற்றியோர முடி ஒவ்வொன்றும் ஊசிமுனையாய் முடிவது உளி செய்த வேலை. தூரிகை அதைப் பின்பற்றப் போனால் முடி தடிக்கிறது, அல்லது நடுங்குகிறது. ஷராகுவின் முகங்களுக்குப் பின்னால் அப்ரகத் தூள் கலந்த கருந்தளம் உண்டு. படத்தைச் சாய்த்தால் விளக்கொளி பட்ட மேடை போல மின்னும். அந்த இடத்தில் சாம்பல் பெயின்ட் அடித்தால் நடிகர் மேடையிலிருந்து இறங்கிவிடுகிறார்.

இன்னொரு பழுது ‘திருத்தும்’ ஆசை. ஷராகு எழுதிய எதோபெய் என்ற அடியாள் வேடத்தைப் பாருங்கள். அங்கியின் மார்புப் பிளவிலிருந்து விரல்களை விரித்துக்கொண்டு இரண்டு கைகள் வருகின்றன. உடலமைப்புக் கணக்கில் அவை பொருந்தாதவை; ஆனால் பறிக்க வந்தவனின் பதற்றம் முழுக்க அந்த விரல்களில்தான் இருக்கிறது. நகலெடுப்பவர் கையைச் சரிசெய்தால் பதற்றம் போய்விடும். கை மட்டும் மிஞ்சும்.

நம்மூர்க் கதை இதற்கு நேர் எதிர். கொண்டையராஜு தூரிகையால் எழுதினார், அச்சகம் அதைப் புள்ளிகளாக உடைத்தது. காலண்டரைப் பார்த்து எழுதுகிறவர் அந்தப் புள்ளிகளின் கூட்டத்தைத்தான் பார்க்கிறார். கன்னத்து நிழல் அச்சில் கலங்கியிருந்தால், கலங்கலையும் பக்தியோடு எழுதிவிடுகிறார். நிறம் ஒரு மயிரிழை விலகி அச்சாகியிருந்தால், உதட்டுச் சிவப்பு உதட்டைத் தாண்டி நிற்கிறது. இப்படிப் படியெடுத்துப் படியெடுத்து, முருகனுக்கும் மீனாட்சிக்கும் ஒரே முகம், ஒரே சிரிப்பு வந்துவிடுகிறது. மூல ஓவியரின் பெயரும் வழியில் எங்கோ உதிர்ந்துவிடுகிறது. எனக்குப் பெரிய குறையாகப் படுவது இந்தக் கடைசிதான்.

அப்படியானால் நல்ல படி எது? பதில் தூத்துக்குடிக் கடலிலேயே கிடக்கிறது. பரவர்கள் மூச்சடக்கிக் குளித்தெடுத்த முத்து தானாக விளைந்தது. ஜப்பானில் வேரூன்றிய வளர்ப்பு முத்தை, மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் 1973இல் தூத்துக்குடிப் பக்கமும் விளைவித்தார்கள். சிப்பிக்குள் வைப்பது வேறொரு சிப்பி ஓட்டில் கடைந்த சிறு மணி. மணி இரவல்தான். ஆனால் அதன்மேல் படலம் படலமாகப் படியும் பளபளப்பு அந்தச் சிப்பிக்கே சொந்தம். படலம் படியாவிட்டால் எடுக்கும்போது கையில் இருப்பது ஓட்டுத்துண்டு.

கைப்படிக்கும் அதே கணக்கு. இரவல் வாங்குவதில் குற்றமில்லை. உளி செய்ததைத் தூரிகை எப்படிச் சொல்லும், அச்சு கலக்கியதை எப்படித் தெளிவாக்கலாம் என்று எழுதுகிறவர் முடிவெடுத்த இடங்களில்தான் படலம் படிகிறது. நேர்மையான முத்து வியாபாரி வளர்ப்பு முத்தை வளர்ப்பு முத்து என்றே சொல்லி விற்பார். படத்தின் கீழ் மூலையில், தன் கையெழுத்துக்கு மேலே, ‘கொண்டையராஜுவைப் பார்த்து எழுதியது’ என்று ஒரு வரி சேர்க்க எவ்வளவு பெயின்ட் செலவாகிவிடும்?