குட்டி யாருக்கு, தாய் யார் பொறுப்பு?

1969-இல் அமெரிக்காவில் இரண்டு பெரிய குதிரைப் பண்ணைக் குடும்பங்கள் நாணயத்தைச் சுண்டிக் குட்டிகளைப் பங்கு பிரித்துக்கொண்டன. ஆக்டன் ஃபிப்ஸ் குடும்பத்தின் பொலிகுதிரை போல்டு ரூலர். மெடோ பண்ணை இரண்டு ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு இரண்டு பெட்டைக்குதிரைகளை அதனிடம் அனுப்பும். பொலிக்கட்டணம் கிடையாது, பிறக்கும் குட்டிகளில் ஆளுக்குப் பாதி. டாஸில் வென்றவர் முதல் ஆண்டுக் குட்டிகளில் முதலில் எடுப்பார். தோற்றவருக்கு இரண்டாம் ஆண்டில் முதல் உரிமை. வென்ற ஃபிப்ஸ் எடுத்த குட்டி ஒரு பந்தயம்கூட ஜெயிக்கவில்லை. இரண்டாம் ஆண்டு ஒரு பெட்டை சினை பிடிக்காததால் பிறந்தது ஒரே குட்டி. அது தோற்றவரான மெடோ பண்ணையின் பென்னி செனரிக்குப் போனது. அதுதான் செக்ரடேரியட், 1973-இல் மூன்று பெரும் பந்தயங்களையும் வென்று மும்முடி சூடிய குதிரை.

அதிர்ஷ்டத்துக்கு உதாரணமாகவே இதைச் சொல்வார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது, சுண்டுவதற்கு முன்பே வரிசை தெளிவாக இருந்தது என்பது. ஒரு குட்டி குறைந்தபோதும் அந்த வரிசையே நின்றது. ஆனால் இரு தரப்பும் சம பலம் உள்ளவர்கள். குட்டிக்காகப் பிறர் பெட்டைக்குதிரையைக் குத்தகைக்கு எடுப்பவர் பெரும்பாலும் அப்படி இல்லை. அவருக்குப் பத்திரம்தான் துணை.

குதிரை வளர்ப்புப் பத்திரங்களில் நான் மிகவும் மதிப்பது, பொலிகுதிரை ஒப்பந்தங்களில் வரும் 'உயிருள்ள குட்டி' உத்தரவாதம். உயர்ரகப் பந்தயக் குதிரைகளில் செயற்கைக் கருவூட்டலுக்கு அனுமதி இல்லை. சினைக்காலம் பதினொரு மாதம். இத்தனை நாளில் எது வேண்டுமானாலும் தவறலாம். அதனால் பிறந்த குட்டி எழுந்து நின்று, தாயிடம் பால் குடித்த பிறகே கட்டணம் உறுதியாகும் என்று எழுதுகிறார்கள். கால்கள் நடுங்க இரண்டு முறை விழுந்து எழுந்து மடியைத் தேடும் குட்டியை, லாயத்தில் இரவுக் காவலுக்கு இருப்பவரே பார்த்துச் சாட்சி சொல்ல முடியும். நிபுணர் தேவையில்லை, வழக்குக்கும் இடம் குறைவு.

ஆனால் இந்த உத்தரவாதம் கட்டணத்தை மட்டுமே காக்கிறது. வீணான ஓராண்டும் தீவனமும் வைத்தியச் செலவும் பெட்டையை வைத்திருப்பவர் தலையில்தான் விழுகின்றன. தன் பெட்டையோடு இன்னும் எத்தனை பெட்டைகள் அதே குதிரையிடம் போகும் என்பதிலும் அவருக்குப் பிடிமானம் இல்லை. ஒரே பொலிகுதிரையின் குட்டிகள் சந்தையில் குவிந்தால் விலை இறங்கும். அமெரிக்காவில் பந்தயக் குதிரைகளைப் பதிவு செய்யும் ஜாக்கி கிளப், 2020-இல் ஒரு பொலிகுதிரைக்கு ஆண்டுக்கு 140 பெட்டைகள் என்று வரம்பு கொண்டுவந்தது. பெரிய பண்ணைகள் வழக்குத் தொடுத்தன. 2022-இல் அந்த விதி கைவிடப்பட்டது.

குத்தகையில் சிக்கல் இன்னும் கூடுதல். குட்டி ஈனும்போது தாய் யாருடையதோ அவரே வளர்ப்பாளர் என்பது பதிவு விதி. குத்தகை இருந்தால் ஒப்பந்தம் குறிப்பிடுபவர். வளர்ப்பாளருக்கான பரிசுத்தொகையும் அந்தப் பெயரைத் தேடித்தான் போகும். வாய்ப்பேச்சாக விட்ட குத்தகையில் அந்தப் பெயருக்கே சண்டை வரும். நம் கிராமங்களில் ஆட்டை வாரத்துக்கு விடுபவர்கள்கூட எத்தனையாவது குட்டி யாருக்கு என்று முதலிலேயே பேசிவிடுகிறார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, விலங்கின் கடைசிக் காலத்தைப் பற்றிய மௌனம். 1986-இல் கென்டக்கி டெர்பி வென்ற ஃபெர்டினாண்ட், பொலிகுதிரையாக ஜப்பானுக்கு விற்கப்பட்டது. இனப்பெருக்கத்துக்குத் தேவைப்படாமல் போனதும் அது இறைச்சிக்கூடத்துக்குப் போயிருக்க வேண்டும் என்ற செய்தி 2003-இல் வெளிவந்தது. அதன் பிறகே, விற்றவர் திரும்ப வாங்கும் உரிமையைச் சிலர் பத்திரங்களில் சேர்த்தார்கள்.

பழகியவர், நல்லவர் என்ற நம்பிக்கையில் குதிரையைக் கைமாற்றலாம். ஆனால் நடுராத்திரியில் ஈன முடியாமல் தவிக்கும் பெட்டைக்கு அறுவை சிகிச்சை செய்யச் சொல்ல யாருக்கு அதிகாரம், அது செத்தால் காப்பீட்டுப் பணம் யாருக்கு, குத்தகை முடிந்தால் அது யார் லாயத்துக்குத் திரும்பும் என்ற மூன்றும் எழுதப்படாத பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.