கொன்றது யார்?

கொலை நடந்துவிட்டது. கொன்றது யார்? திரையில் இக்கேள்வி எழுந்ததும் கொட்டகையே மூச்சடக்கிக் காத்திருக்கிறது. "விதி கொன்றது" என்று விடை கூறிப் பாருங்கள். காசு கொடுத்து வந்தவன் ஏற்பானா? கற்சிலையின் முன்னே கேள்வி கேளாது கைகூப்பும் அதே மனிதன், கொட்டகையிலே சான்று கேட்கிறான்! ஐயுறக் கற்பிக்கிறதே, அதுதான் மர்மப் படத்தின் பெருமை.

மண்ணூர்பேட்டையை அடுத்த அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் லேத் எந்திரத்தின் முன் நிற்கும் தோழன், அளந்து பாராமல் எந்த உருப்படியையும் "சரி" என்பதில்லை. அந்த அளவுகோலைப் படத்தின் மீதும் வைப்போம். முன்பே காட்டிய தடயங்களிலிருந்து விடை பிறந்ததா? அல்லது மோடி வித்தைக்காரன் கூடையிலிருந்து மாங்காய் எடுப்பதுபோல் கடைசி நேரத்தில் எடுக்கப்பட்டதா?

1954இல் ஏ.வி.எம். வெளியிட்ட 'அந்த நாள்' இவ்வளவில் தேறுகிறது. இயக்கியவர் வீணைக் கலைஞர் எஸ்.பாலச்சந்தர், எனினும் படத்தில் ஒரு பாட்டும் இல்லை! 1943இல் ஜப்பானியர் சென்னையில் குண்டு வீசிய வேளை. வானொலிப் பொறியாளன் ராஜன் சுடப்பட்டுக் கிடக்கிறான். மனைவி, தம்பி, தம்பி மனைவி, அண்டை வீட்டார், ஆசைநாயகி என ஒவ்வொருவர் மீதும் ஐயம் படர்கிறது. ஒருவர் கூறுவதெல்லாம் நடந்ததுபோலவே திரையில் விரிகிறது. அடுத்தவர் வாய் திறந்ததும் அது சரிகிறது. கண்ணால் கண்டதும் பொய்யாகலாம் என்ற பாடத்தைப் பேச்சால் அல்ல, படப்பிடிப்பால் புகட்டுகிறார்கள்.

அகிரா குரோசாவாவின் 'ராஷோமோன்' 1950இல் காட்டிய வழி அது. அங்கே உண்மை ஐயத்திலேயே நிற்கிறது; இங்கோ விடை கிடைக்கிறது. ராஜன் நாட்டைக் காட்டிக் கொடுத்தவன். சுட்டவள் அவன் மனைவி உஷா! 'பராசக்தி' தந்த சிவாஜி கணேசனைத் தொடக்கத்திலேயே பிணமாக்கி, முடிவிலே துரோகியாகவும் காட்டிய துணிவு, நாயக வழிபாட்டின் மீது விழுந்த அடியன்றோ?

மேசைக்கடியில் வெடிகுண்டு இருப்பதைப் பார்ப்போருக்கு முன்பே காட்டிவிட்டால் நிமிடக்கணக்கில் பதைப்பு. மறைத்து வெடித்தால் நொடிப்பொழுது அதிர்ச்சி. இது ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் தந்த விளக்கம். பார்ப்பவனை அறிவுள்ளவனாக மதிப்பவனே அவனுக்குச் செய்தியைத் தருவான்.

1966இல் வந்த 'யார் நீ?' ஆவியைக் காட்டி அச்சுறுத்தியது. ஆயினும் முடிவில், ஆவியும் இல்லை, அதிசயமும் இல்லை, சொத்தாசை கொண்டவரின் சூழ்ச்சியே என்று திரையை விலக்கியது. நன்று!

ஸ்ரீதரின் 'நெஞ்சம் மறப்பதில்லை' (1963) எடுத்த விதத்தில் சிறந்த படம். ஆனால் அதன் விடை? ஏழைப் பெண்ணை மகன் காதலித்தான் என்பதற்காக அவளைச் சுட்டான் ஜமீன்தார். கொன்றது குலப்பெருமை, கொன்றவன் கண்ணெதிரே நிற்கிறான்! அவனைக் கூண்டிலேற்ற வேண்டிய கதை, காதலரை மறுபிறவிக்கு அனுப்பிவிடுகிறது. அடுத்த பிறவியில் சேரலாம் என்ற ஆறுதல், இந்தப் பிறவியின் கொலைக்குப் போர்த்தும் பட்டுத்துணி.

சாதி மாறிக் காதலித்தோர் இன்றும் கொல்லப்படுகிறார்கள். ஊர் "தலைவிதி" என்கிறது; உறவு "குடும்ப மானம்" என்கிறது. கொட்டகையிலே இந்த விடைகளை ஏற்க மறுத்த இளைஞனே, வெளியே வந்ததும் ஏன் ஏற்கிறாய்? விளக்கு எரிந்தபின்னும் கேள்: கொன்றது யார்?