குரூப்போடு வரும் இயற்பியல், தேர்ந்தெடுக்கும் பௌதிகவியல்

பத்தாம் வகுப்பு முடிவுகள் வந்து, குற்றாலத்தில் சாரல் தொடங்கும் நாட்களில் சுந்தரபாண்டியபுரத்து வீடுகளில் ஒரே விசாரிப்புதான்: "பிள்ளைய எந்தக் குரூப்புல சேக்கப் போறிய?" இயற்பியலைப் பற்றி யாரும் தனியாகக் கேட்பதில்லை. ஆனால் அந்தப் பிள்ளை அடுத்த இரண்டு ஆண்டுகள் இயற்பியல் படிக்குமா என்பதும் அந்த ஒரே பதிலில் முடிவாகிவிடுகிறது. யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் அதே வயதுப் பிள்ளைகள் இதே முடிவை வேறு முறையில் எடுக்கிறார்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் நம் வீடுகளில் விட்டுப்போகும் கேள்வி எது என்று தெரியும்.

தமிழ்நாட்டில் 1978இல் மேல்நிலைக் கல்வி வந்தது முதல் பாடங்களைத் தொகுதியாகவே எடுக்கிறோம். தமிழ், ஆங்கிலத்தோடு நான்கு பாடங்கள். கணிதம்-உயிரியல், கணிதம்-கம்ப்யூட்டர் சயின்ஸ், தாவரவியல்-விலங்கியல் (ப்யூர் சயின்ஸ்) என்று எந்த அறிவியல் குரூப் எடுத்தாலும் இயற்பியலும் வேதியியலும் சேர்ந்தே வரும். டாக்டராக நினைக்கும் பிள்ளையும் பொறியியலுக்குப் போக நினைக்கும் பிள்ளையும் ஒரே இயற்பியல் புத்தகத்தைத்தான் திறக்க வேண்டும். பதினோராம் வகுப்புப் புத்தகத்தின் தொடக்கத்திலேயே வெக்டரும் வகையீடும் வந்துவிடுகின்றன. கணிதத்தைத் தவிர்க்க வேண்டும் என்றே ப்யூர் சயின்ஸ் எடுத்த பிள்ளை அங்கே திணறிப்போகிறது.

இலங்கையில் பதினோராம் தரத்தின் முடிவில் சாதாரண தரப் பரீட்சை. அதில் தேறியவர்கள் உயர்தரத்துக்கு மூன்றே பிரதான பாடங்களை எடுக்கிறார்கள். கணிதப் பிரிவில் இணைந்த கணிதம், பௌதிகவியல் (நம் இயற்பியல்), இரசாயனவியல் (நம் வேதியியல்) எடுப்பது வழக்கம். உயிரியல் பிரிவில் உயிரியலும் இரசாயனவியலும் உண்டு. மூன்றாவதாகப் பௌதிகவியலையோ விவசாய விஞ்ஞானத்தையோ எடுக்கலாம். விவசாயத்தை எடுத்தால் மருத்துவபீடத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. அதனால் உயிரியல் பிரிவில் சேரும் பிள்ளை பதினாறு, பதினேழு வயதில் பௌதிகவியலைத் தனிப் பாடமாக எடைபோட்டே ஆக வேண்டும். அதை ஏற்றால் எது கிடைக்கும், விட்டால் எது போகும் என்பது முன்கூட்டியே தெரியும்.

மதிப்பெண்ணிலும் இந்த வேறுபாடு தெரிகிறது. நம் பிளஸ் டூ இயற்பியலில் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. எழுத்துத் தேர்வில் 15 எடுத்து, மொத்தம் 35 வந்தால் தேர்ச்சி. பாடம் பிடிபடாத பிள்ளையும் கரையேறிவிடலாம். சிக்கல் பிறகு வருகிறது. பொறியியல் கட்-ஆஃப் 200இல் இயற்பியலுக்கு 50. நீட் தேர்வின் 720இல் 180. குரூப்போடு சேர்ந்து வந்ததுதானே என்று இரண்டு ஆண்டுகள் ஒதுக்கிவைத்த பாடம், கடைசியில் கால் பங்கு கனத்தோடு எதிரே நிற்கிறது.

இலங்கையில் பல்கலைக்கழக அனுமதி 2001 முதல் இசட் புள்ளி வழியாக நடக்கிறது. ஒரு பாடத்தில் எடுத்த புள்ளியை அந்தப் பாடத்தின் சராசரியோடும் பரவலோடும் ஒப்பிட்டே கணக்கிடுவார்கள். கடினமான வினாத்தாளில் எல்லாருடைய புள்ளியும் இறங்கினால் அதற்கேற்பக் கணக்கும் அமையும். புள்ளி குறைவாக விழும் பாடம் என்பதற்காக மட்டும் ஒருவர் பௌதிகவியலைக் கண்டு ஒதுங்கத் தேவையில்லை. ஆனாலும் சுமை பெரியது. பல்கலைக்கழகத்துக்குத் தகுதி பெற மூன்று பாடங்களிலும் ஒரே தடவையில் சித்தியடைய வேண்டும். மொத்தம் மூன்று தடவைகளே தோற்றலாம். நம் ஊரில் பிளஸ் டூ துணைத் தேர்வு அந்த ஆண்டிலேயே இன்னொரு வாய்ப்புத் தருகிறது.

வசதியிலும் ஏற்றத்தாழ்வு உண்டு. இலங்கையில் உயர்தர விஞ்ஞானம் 1ஏபி வகைப் பாடசாலைகளில்தான் நடக்கிறது. வன்னியின் உட்கிராமத்துப் பிள்ளை பௌதிகவியலுக்காக நகரத்துப் பாடசாலையைத் தேடிப் போக நேரிடுகிறது. இந்தக் குறையைக் கருதியே அனுமதி இடங்களில் 40 விழுக்காடு அகில இலங்கைத் திறமைக்கும், 55 விழுக்காடு மாவட்டங்களுக்கும், 5 விழுக்காடு பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியலில் 2021 முதலும் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு.

இலங்கை முறையை அப்படியே இங்கே கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மூன்று பாடங்களில் பதினெட்டு வயதுப் பிள்ளையின் எதிர்காலத்தையே கட்டிவைப்பது கடுமையானது. நம் ஆறு பாட முறை தரும் அகலம் நல்லது. இங்கே பத்தாம் வகுப்பு முடித்துப் பாலிடெக்னிக் சேர்ந்து, பிறகு நேரடியாகப் பொறியியல் இரண்டாம் ஆண்டுக்குப் போகலாம். இலங்கையும் 2013இல் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவைத் தொடங்கியது. இரண்டு நாட்டிலும் வழி ஒன்றுக்கு மேல் உண்டு. நாம் அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: குரூப்பை முடிவு செய்யும் முன் இயற்பியலைப் பற்றித் தனியாகக் கேட்பது.

அதற்கு மதிப்பெண் பட்டியல் போதாது. பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் இயக்க விதிகள், ஒளியியல், மின்னோட்டவியல் பாடங்களைப் பிள்ளை தானே மறுபடி வாசிக்கட்டும். விடையைப் பாராமல் கணக்குகளைப் போடட்டும். தப்பு வந்தால் எங்கே வந்தது என்று தேடத் தோன்றுகிறதா? அதைத்தான் பார்க்க வேண்டும். செங்கோட்டைக் கணவாய்க் காற்றில் சுழலும் காற்றாலைகள் நம் கண்முன்னே நிற்கின்றன. காற்றின் வேகம் இரு மடங்கானால் அது தரும் திறன் எட்டு மடங்காகும். இதைக் கேட்டு "அதெப்படி எட்டு?" என்று கேட்கும் பிள்ளைக்கு, மதிப்பெண் சற்றுக் குறைந்திருந்தாலும் இயற்பியலைத் தாராளமாகக் கொடுக்கலாம். அந்தக் கேள்வி எழாத பிள்ளைக்கு வணிகவியலோ வரலாறோ கீழான படிப்பு அல்ல. பக்கத்து வீட்டுப் பிள்ளை எடுத்த குரூப் என்பதற்காக நம் பிள்ளையின் இரண்டு ஆண்டுகளைப் பிடுங்கிக்கொள்ளும் உரிமை நமக்கு இல்லை.

சேர்க்கைப் படிவத்தை நிரப்புவதற்கு முன், பத்தாம் வகுப்பு அறிவியல் ஆசிரியரிடம் பெற்றோர் ஒரு மணி நேரம் பேச வேண்டும். பள்ளிகளும் பதினோராம் வகுப்பின் முதல் மாதத்துக்குள் குரூப்பை மாற்றிக்கொள்ளத் தயங்காமல் இடம் கொடுக்க வேண்டும். இதற்குப் புதிய சட்டமோ பணமோ தேவையில்லை.