வெளியே போகும் வழி

வடநெம்மேலி முதலைப் பண்ணையில் கொக்குகள் கூடு கட்டும் மரங்களுக்கு அடியில், சில முதலைகள் மூக்கின் மேல் சுள்ளிகளைத் தாங்கியபடி தண்ணீரில் அசையாமல் கிடப்பதை 2007இல் விளாடிமிர் டினெட்ஸ் என்ற ஆய்வாளர் கவனித்தார். கூட்டுக்குச் சுள்ளி பொறுக்க இறங்கும் பறவைக்கு அது தூண்டில் என்று 2013இல் வெளியான ஆய்வுக் கட்டுரையில் அவர் வாதிட்டார். அதை ஏற்கத் தயங்கும் அறிவியலாளர்களும் உண்டு. இருந்தாலும், "மரக்கட்டை மாதிரி கிடக்குது" என்று சுவருக்கு வெளியே நின்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் அறிய வேண்டிய செய்தி இது.

தோலுக்காக வேட்டையாடப்பட்டு இந்திய முதலைகள் அருகிவந்த காலத்தில், 1976இல், ரோமுலஸ் விட்டேக்கரும் ஜாய் விட்டேக்கரும் மாமல்லபுரம் போகும் கடற்கரைச் சாலையோரம் இந்தப் பண்ணையைத் தொடங்கினார்கள். ஆற்றங்கரையில் பொரியும் குஞ்சுகளைப் பறவையும் பெரிய மீனும் தின்றுவிடும். தேறுவது மிகச் சில. அவற்றையே சுவருக்குள் ஓரளவு வளர்த்து ஆற்றில் விட்டால் பிழைக்கும். இந்தக் கணக்கு பலித்தது. 1,500க்கும் மேற்பட்ட முதலைகள் பல மாநில வனத்துறைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. சதுப்பு முதலை ஒரே ஆண்டில் இருமுறை முட்டையிடக்கூடியது என்பதும், அதன் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முட்டை அடையும் வெப்பமே தீர்மானிக்கிறது என்பதும் இங்கு நடந்த ஆய்வுகளில் தெளிவாயின. விலங்கை அடைத்து வைப்பதே குற்றம் என்று மொத்தமாகத் தள்ளுபவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

சிக்கல் அந்த வெற்றியிலேயே முளைத்தது. வளர்த்த முதலைகளைக் காட்டில் விடும் பணியை 1994இல் மத்திய அரசு நிறுத்தியது. உள்ளே இனப்பெருக்கம் நடந்துகொண்டே இருந்தது. வெளியே போகும் வழி அடைபட்டது. இயற்கையில் சதுப்பு முதலை கரையைக் குடைந்து வளை தோண்டிக் கோடையைக் கழிக்கும். குளம் வற்றினால் தரைவழியே நடந்து வேறு நீர்நிலை தேடும். இங்கே நூற்றுக்கணக்கானவை ஒரே குளத்தில், ஒன்றன் முதுகில் ஒன்று கிடந்தன. கூட்டமாக வெயில் காய்வது முதலைக்கு இயல்புதான். ஆனால் வலியது சீறும்போது எளியது விலகிப்போக இடம் வேண்டும்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வந்து நிற்கச் சில முதலைகளை இங்கே பழக்கியிருக்கிறார்கள். கயிறு போட்டு அமுக்காமலே உடல்நிலையைப் பார்க்க உதவும் அருமையான வேலை இது. பத்து முதலைக்குச் செய்யலாம், ஆயிரத்துக்கு முடியாது.

இடத்தைப் பெரிதாக்கினால் போதுமா? 1985இல் சென்னை நகருக்குள்ளிருந்து வண்டலூருக்குப் பெயர்ந்த உயிரியல் பூங்கா சுமார் 600 ஹெக்டேர் பரப்பு கொண்டது. கூண்டுக்குப் பதில் அகழி, மரம், நிழல் என்று விலங்குகள் கண்ட முன்னேற்றம் பெரிது. அங்கேயும் 2021 ஜூனில் கொரோனா தொற்றிய சிங்கங்களில் நீலா, பத்மநாதன் இரண்டும் இறந்தன. மனிதரை அண்டி வாழும் விலங்குக்கு மனிதரின் நோயும் வந்து சேரும்.

முதலைப் பண்ணை வளாகத்திலேயே இன்னொரு வகை அடைப்பும் உண்டு. 1978இல் தொடங்கிய இருளர் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கும் மண்பானைக்குள் இடப்பட்டு, பானையின் வாய் துணியால் கட்டி வைக்கப்படுகின்றன. முதலைக் குளத்தைவிட எவ்வளவோ குறுகலான இடம். ஆனாலும் நாள் கணக்கு உண்டு: சில வாரங்களில் சிலமுறை விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு, காட்டில் விட்டுவிடுவார்கள். அந்த விஷத்திலிருந்து வரும் மருந்து நாடெங்கும் உயிர் காக்கிறது. விடப்பட்ட பாம்புகள் பிறகு எப்படி வாழ்கின்றன என்பதைத் தொடர்ந்து கண்காணிப்பதும் சங்கத்துக்கு அனுமதி தரும் அரசின் கடமை. அப்படியும், திரும்பும் நாள் முன்பே குறிக்கப்பட்ட அந்தப் பானைதான் முதலைக் குளத்தைவிட நியாயமாகப் படுகிறது.

நெரிசலைக் குறைக்க 1,000 முதலைகளைக் குஜராத்தின் ஜாம்நகரில் உள்ள விலங்கு மறுவாழ்வு மையத்துக்கு அனுப்ப அனுமதி கிடைத்தது. அதை எதிர்த்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2022இல் தள்ளுபடி செய்தது. குளத்தில் எஞ்சுபவற்றுக்கு அது நல்லதுதான். போகிறவை ஒரு சுவரை விட்டு இன்னொரு சுவருக்குள் போகின்றன. மறுபடியும் பெருகாதிருக்க முட்டைகளை அகற்றும் வழியையும் பண்ணை கையாண்டது. பெண் முதலை மண்ணைத் தோண்டி முட்டையிட்டு மூடிவிட்டுக் காவல் கிடக்கும். பணியாளர் வந்து அவற்றைத் தோண்டி எடுப்பார்.